விடை சரி, வழி எங்கே?

நெகிரி செம்பிலான் என்றால் மலாயில் ‘ஒன்பது நாடுகள்’ என்று பொருள். மலேசியாவின் 13 மாநிலங்களில் பெயரிலேயே எண்ணை வைத்துக்கொண்டிருப்பது இது ஒன்றுதான். இன்றைக்கு விரல் விட்டு எண்ணினால் மாவட்டம் ஏழுதான் தேறும். அந்த ஒன்பது எப்படி வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பள்ளிக்கூடக் கணக்கைப் பற்றி எழுத இதைவிடப் பொருத்தமான மாநிலம் எனக்குத் தெரியாது.

1970களின் தொடக்கத்தில் ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் தமிழ்ப்பள்ளியில் படித்தவன் நான். விடையை மட்டும் எழுதிய சிலேட்டை நீட்டினால் வாத்தியார் முதலில் சிலேட்டைப் பார்ப்பார், அப்புறம் மேசையில் கிடக்கும் ரோத்தான் பிரம்பைப் பார்ப்பார், கடைசியாக என்னைப் பார்ப்பார். “விடை சரி. வழி எங்கே?”

வழி என்பதுதான் அவருடைய சொல். பின்னால் வந்த பாடநூல்கள் செய்முறை என்றன, படிமுறை என்றன. மலாய் ஆசிரியர்கள் ‘ஜாலான் கிரா’ என்பார்கள். ஜாலான் என்றால் சாலை. இரண்டு மொழிக்காரர்களுக்கும் கணக்கு என்பது நடந்து போகிற காரியமாகவே தோன்றியிருக்கிறது. அந்த வழி எங்கிருந்து புறப்பட்டு எங்கள் லயத்து வாசலுக்கு வந்தது என்று பல ஆண்டுகள் தேடியிருக்கிறேன்.

புறப்பட்ட இடம் திண்ணை. தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்று மனப்பாடம் செய்தார்கள். நம் முன்னோர் பின்னத்துக்கு மேல் ஒன்று, கீழ் ஒன்று என்று இரண்டு எண் எழுதவில்லை. ஒவ்வொரு பின்னத்துக்கும் ஒரு பெயர் வைத்தார்கள். இருபதில் ஒரு பங்கு மா. எண்பதில் ஒரு பங்கு காணி. முந்நூற்றிருபதில் ஒரு பங்கு முந்திரி. மாவையும் காணியையும் கூட்டினால் எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று. அதன் பெயர் மாகாணி. பெயரைச் சொன்னாலே கூட்டல் கணக்கு முடிந்துவிடுகிறது. இப்படி வழியையே சொல்லுக்குள் மடித்து வைத்த வாய்பாடு வேறு எந்த மொழியில் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லலாம்.

ஆனால் அங்கே வழி வெளியே தெரியாது. நெல்லை அளக்கவும் நிலத்தைக் குழி கணக்கில் சொல்லவும் வாய்தான் கருவி. எழுதினாலும் மணலில் விரலால் எழுதுவார்கள்; கையால் தடவினால் போயிற்று. மூத்த பிள்ளை சட்டாம்பிள்ளையாக நின்று சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பான். 1789-ல் சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துவிட்டுத் தன் பள்ளியிலும் அதையே செய்தார்; மூத்த பிள்ளைகளைக் கொண்டே சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். 1797-ல் லண்டனில் அதைப் பற்றி ஒரு சிறு நூல் அச்சிட்டார். பிறகு இங்கிலாந்தில் அந்த முறைக்கு ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர் நிலைத்தது. நம் சட்டாம்பிள்ளைக்குக் கப்பல் டிக்கெட் கிடைத்தது எங்களுக்கு முன்னாலேயே!

மலாயாவில் முதல் தமிழ் வகுப்பு 1816 அக்டோபர் 21-ல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கியது. 2016-ல் அதற்கு 200-ஆம் ஆண்டு விழா எடுத்தோம். ஆனால் அது பட்டணத்துப் பிள்ளைகளின் கதை. சஞ்சிக்கூலியாகவும் பிறகு கங்காணி முறையிலும் நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்களில் பலர் திண்ணையில் உட்கார இடம் கொடுக்கப்படாத சாதியினர். ‘நம்முடைய எண்சுவடி மரபு’ என்று நாம் பெருமை பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும். மாகாணியை அளந்து கூலி வாங்கியவர்கள் அவர்கள். மாகாணி எப்படி வந்தது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

தோட்டத்தில் பள்ளிக்கூடம் என்பது சட்டத்தின் வழியாக வந்தது. நெகிரி செம்பிலானும் சேர்ந்த கூட்டு மலாய் மாநிலங்களில் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுவரை பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. லயத்தில் ஒரு அறை, ஒரு கரும்பலகை, எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர். அவர் தோட்டத்து எழுத்தரான கிராணியாக இருக்கலாம், கங்காணியாக இருக்கலாம், காலையில் பால்மரம் வெட்டிவிட்டு மத்தியானம் வாத்தியாராகிறவராகவும் இருக்கலாம். துரைமாருக்கு அதற்குமேல் அக்கறையில்லை. கணக்கு தெரிந்த கூலியாள் அவர்களுக்கு எதற்கு?

புத்தகங்கள் சென்னை மாகாணத்திலிருந்து வந்தன. அதனால் போருக்கு முந்திய தோட்டப் பிள்ளைகள் ரூபாய், அணா, பைசாவில் கணக்குப் போட்டுவிட்டு வெள்ளியும் காசுமாகச் சம்பளம் வாங்கும் வீட்டுக்குத் திரும்பினார்கள். ரூபாய்க்கு 16 அணா. ஆக மாகாணி என்பது ஓர் அணா, சுகமாகப் பொருந்தும். வெள்ளிக்கோ 100 காசு. மாகாணி ஆறேகால் காசாகிவிடும், எந்தக் கடைக்காரனும் அதற்குச் சில்லறை தரமாட்டான். மா மட்டும் ஐந்து காசாக உட்கார்ந்துகொண்டது. வேடிக்கை என்னவென்றால் பணத்தில் வேலையிழந்த மாகாணிக்குச் சீனன் கடைத் தராசில் வேலை இருந்தது. ஒரு காத்திக்கு 16 தாகில். ஒரு தாகில் என்பது மாகாணிக் காத்தி. எங்கள் வாத்தியார் இதைச் சொல்லும்போது தன் சொந்தக்காரனைப் பிற நாட்டில் சந்தித்தவர்போலச் சிரிப்பார்.

வாய்பாட்டுக்கே மலாயில் ‘சிஃபிர்’ என்று பெயர். அரபியில் ஸிஃப்ர் என்றால் வெறுமை, சுழியம். நம் சூன்யத்தை அரபியர் மொழிபெயர்த்த சொல். அது மலாய்க்கு வந்து பெருக்கல் வாய்பாடாகிவிட்டது. ஒன்றுமில்லை என்ற சொல் எல்லாவற்றையும் பெருக்கும் பட்டியலுக்குப் பெயரானது எப்படி என்று யோசித்தால் தலை சுற்றும். பிள்ளைகளுக்கு அந்தக் கவலையில்லை. “சிஃபிர் ஏழு சொல்லு” என்றால் ஓடி ஒளிந்துகொள்வார்கள்.

இனி வழி பூட்டி வைக்கப்பட்ட இடத்துக்கு வருகிறேன்.

தோட்டத்தில் எல்லா எண்ணும் கிராணியின் கையில். காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டுச் செக்ரோலில் குறிப்பது, ஸ்டோரில் ரப்பர் பால் நிறுப்பது, கடைப் பாக்கியைக் கழிப்பது எல்லாம் அவர். 1920களின் இறுதியில் பல வட்டாரங்களில் அரசு நியமித்த நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார நெருக்கடியில் அதுவும் இறங்கியது. ஏன் 50, ஏன் 40 என்பதற்குத் தொழிலாளிக்கு எந்த வழியும் காட்டப்படவில்லை. மாதக் கடைசியில் கிடைத்தது விடை மட்டும்.

கிராணிமாரில் பலர் யாழ்ப்பாணத்தார், பலர் மலையாளிகள். யாழ்ப்பாணத்தாருக்குக் கணக்கில் ஒரு நூற்றாண்டு முன்தொடக்கம் இருந்தது. அமெரிக்க மிஷனரிகள் 1823-ல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் உயர்கணிதம் கற்றுக்கொடுத்தார்கள். அந்த மண்ணில்தான் கறோல் விசுவநாதபிள்ளை 1855-ல் ‘வீசகணிதம்’ என்று தமிழிலேயே ஓர் அல்ஜீப்ரா நூல் எழுதினார். 1857-ல் சி. வை. தாமோதரம்பிள்ளையோடு சேர்ந்து சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரியானவரும் அவரே. எனக்கு இதை நினைத்தால் ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் எரிச்சல். தமிழில் அல்ஜீப்ரா அச்சாகி நூறு ஆண்டு கடந்த பிறகும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி கூட்டல் கழித்தலோடும் பின்னத்தோடும் நின்றது. கிராணி வீட்டுப் பிள்ளை சிரம்பானுக்கு ஆங்கிலப் பள்ளிக்குப் போய் அல்ஜீப்ரா படித்தது. மரம் வெட்டுகிறவர் பிள்ளைக்கு ஆறாம் வகுப்போடு பால்வாளி தயாராக இருந்தது.

அல்ஜீப்ரா இல்லாததால் என்ன குடிமுழுகிவிட்டது என்று கேட்கலாம். ஒரு கணக்கைப் போட்டே காட்டுகிறேன்.

எடைக்குக் கூலி என்று ஆனபிறகு, காண்டாவாளியில் சுமந்துவரும் பாலை அப்படியே கணக்கில் எடுப்பதில்லை. பாலில் பெரும்பகுதி தண்ணீர். அதில் காய்ந்த ரப்பர் எவ்வளவு என்று பார்த்தே கூலி. அதற்கு மெட்ரோலாக் என்ற ஒரு கண்ணாடி மிதவை உண்டு. ரப்பர் தண்ணீரைவிட லேசு. பால் கெட்டியாக இருந்தால் மிதவை ஆழமாக இறங்கும், தண்ணீர் கலந்திருந்தால் மேலே நிற்கும். கிராணி குனிந்து பார்த்து நூற்றுக்கு இத்தனை என்று எழுதிக்கொள்வார். அவர் குனிவதைத்தான் நாங்கள் பார்த்திருக்கிறோம். எழுதியதைப் பார்த்ததில்லை.

ஒருவர் 48 ராத்தல் பால் கொண்டுவருகிறார், நூற்றுக்கு 35 ரப்பர் என்று வைத்துக்கொள்வோம். திண்ணைக் கணக்கில் 35 என்றால் காலே இருமா. நாற்பத்தெட்டில் கால் 12. இருமா என்பது பத்தில் ஒன்று, அது 4.8. ஆக 16.8 ராத்தல். பேனா வேண்டாம், பேப்பர் வேண்டாம். சிலேட்டுக் கணக்கில் இன்னும் கொஞ்சம் நடக்க வேண்டும்: 100 ராத்தலுக்கு 35, ஒரு ராத்தலுக்கு நூற்றில் 35, 48 ராத்தலுக்கு 48-ஐ 35-ஆல் பெருக்கினால் 1680, நூறால் வகுத்தால் 16.8. விடை ஒன்றுதான். ஆனால் இரண்டு வழியும் கிராணி 35 என்று சொன்னால் மட்டுமே நடக்கும். அவர் சொல்லாவிட்டால்?

எனக்கு அது புரிந்த நாள் நினைவிருக்கிறது. ஆறாம் வகுப்பு முடிந்து, ஓராண்டு புகுமுக வகுப்பில் மலாயோடு மல்லுக்கட்டிவிட்டு, இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்று சேர்ந்திருந்தேன். கணித ஆசிரியை பலகையில் எழுதியிருந்தார்: ‘சாரி நிலாய் எக்ஸ்’. எக்ஸின் மதிப்பைக் காண்க என்று அர்த்தம். மலாயில் மதிப்புக்கு நிலாய் என்று பெயர். எங்களுக்கோ நீலாய் என்றால் லாபுவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பட்டணம். ‘நீலாயைத் தேடு’ என்றால் பஸ் ஏறுவதா என்று பின் வரிசையில் ஒருவன் தமிழில் கேட்டுவைக்க, நான்கு பேர் சிரித்து வெளியே நின்றோம். வெளியே நின்றபடிதான் முதல் சமன்பாட்டைப் பார்த்தேன். தெரியாத ஒன்றுக்குப் பெயர் வைத்து, தெரிந்ததைப்போலவே அதை நடத்தி, இரண்டு பக்கமும் ஒரே காரியத்தைச் செய்துகொண்டே வந்தால் கடைசியில் அது தானாக முகத்தைக் காட்டுகிறது.

அன்று சாயங்காலம் அப்பாவின் துண்டுச் சீட்டை எடுத்தேன். அப்போது இன்னும் ராத்தல்தான். 1972-ல் எடை அளவைச் சட்டம் வந்திருந்தும் கிலோ தோட்டத்துக்கு வந்துசேரவில்லை. சீட்டில் இரண்டு எண்: பால் 48, காய்ந்தது 15.6. நூற்றுக்கு எத்தனை என்று இல்லை. எக்ஸ் என்று வைத்தேன். எக்ஸை நூறால் வகுத்து 48-ஆல் பெருக்கினால் 15.6. அப்படியானால் 48 எக்ஸ் என்பது 1560. எக்ஸ் 32½.

“போன வாரச் சீட்டுல 35 வருதுப்பா. இதுல 32½ தான் வருது.”

“எப்புடிடா கண்டுபுடிச்ச? அதுல எழுதலையே.”

“கணக்குப் போட்டேன்.”

அப்பா மண்ணெண்ணெய் விளக்கைக் கிட்டே நகர்த்தினார். “ஒவ்வொண்ணா சொல்லு.”

வாத்தியார் கேட்டதை அப்பா கேட்டார். நான் மறுபடியும் ஒவ்வொரு வரியாக எழுதினேன். 35-க்கு 16.8, 32½-க்கு 15.6, வித்தியாசம் 1.2 ராத்தல். ராத்தலுக்குப் பத்துக் காசு என்று சுலபத்துக்கு வைத்துக்கொண்டால் நாளைக்குப் பன்னிரண்டு காசு. 25 நாள் அப்படியே போனால் மூன்று வெள்ளி. அப்பாவுக்கு எழுத்து அரைகுறை, ஆனால் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார். மறுநாள் ஸ்டோரில் கேட்டிருக்கிறார். கிராணி முறைத்துவிட்டுப் பிறகு மிதவையை வாளியில் போட்டுக் காட்டினாராம். அந்த வாரம் மழை, பால் நீர்த்துப்போய்த்தான் இருந்தது. ஏமாற்று எதுவும் இல்லை. பதினெட்டு வருஷம் பால் நிறுத்த அப்பா மெட்ரோலாக்கைக் கிட்டத்தில் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

இதற்காகத்தான் அல்ஜீப்ரா வேண்டும் என்கிறேன். ஒன்பதாம் நூற்றாண்டு பாக்தாத்தில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் பெயரில் உள்ள ‘அல்-ஜப்ர்’ என்ற சொல்லுக்கு உடைந்ததைச் சேர்த்து நேராக்குதல் என்று பொருள். முறிந்த எலும்பைக் கட்டுவதற்கும் அதே சொல். அந்த நூலில் ஒரு பெரிய பகுதி, செத்தவர் சொத்தை வாரிசுகளுக்குப் பங்கு பிரிக்கும் கணக்கு. யாருக்கு எவ்வளவு சேர வேண்டும் என்ற வழக்கிலேயே அது வளர்ந்திருக்கிறது.

தோட்டத்துக் கூலியும் போருக்குப் பிறகு அந்த மாதிரிக் கணக்காகத்தான் ஆனது. 1954-ல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவானது. அதைக் கட்டி எழுப்பிய பி. பி. நாராயணன் தொழிற்சங்க வேலையைத் தொடங்கியது நெகிரி செம்பிலானில். சங்கம் முதலாளிகளோடு போட்ட ஒப்பந்தங்களில் ரப்பர் விலையைப் பொறுத்துக் கூலி ஏறி இறங்கும் ஏற்பாடு இருந்தது. எடை ஒன்று, விலை ஒன்று, இரண்டும் நாளுக்கு நாள் மாறும். சங்கக் கூட்டத்தில் தலைவர் அதை விளக்கும்போது கைதட்டல் பலமாக இருக்கும். வீட்டுக்கு வந்து எத்தனை பேரால் அதைத் தாளில் போட்டுப் பார்க்க முடிந்தது என்பது வேறு விஷயம்.

பள்ளியில் வழிக்கு மதிப்பு வந்தது தேர்வால். 1988-ல் யூபிஎஸ்ஆர் என்ற ஆறாம் ஆண்டுத் தேர்வு வந்தது. கணிதத்தின் இரண்டாம் தாளில் விடை தவறினாலும் வழிக்குப் புள்ளி உண்டு. ஊரெங்கும் டியூஷன் ஆசிரியர்கள் “வழியை எழுது, புள்ளி விழும்” என்றார்கள். காரணம் சற்று அற்பம்தான், ஆனாலும் பிள்ளைகள் எழுதினார்கள். பாடநூலில் ‘பிரச்சனைக் கணக்கு’ என்ற பகுதி வந்தது. ஹங்கேரியில் பிறந்த ஜார்ஜ் போல்யா 1945-ல் எழுதிய நூலின் நான்கு படிகள் மலேசியக் கலைத்திட்டத்தில் இடம்பிடித்தன: கேள்வியைப் புரிந்துகொள், திட்டமிடு, செய், திரும்பச் சரிபார். நான்காவது படியை ஒரு பிள்ளையும் செய்வதில்லை. அந்த நாலில் முக்கியமானது அதுதான் என்பது என் கட்சி. அப்பா சீட்டோடு ஸ்டோருக்குப் போனது அந்த நான்காவது படி.

நடுவில் மொழி மாறியது. 2003-ல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்றார்கள், தமிழ்ப்பள்ளிகளும் மாறின. கூட்டலுக்கு ஒரு மொழி, அதை விளக்க வேறு மொழி என்று ஆசிரியர்கள் தடுமாறினார்கள். 2009-ல் அந்தக் கொள்கையைக் கைவிட முடிவாகி, அடுத்த சில ஆண்டுகளில் கணிதம் தமிழுக்குத் திரும்பியது. 2016 முதல் இருமொழித் திட்டம் என்ற பெயரில் அதே வாக்குவாதம் மறுபடி. எந்த மொழியில் கற்பிப்பது என்று பெரியவர்கள் சண்டை போட்ட இத்தனை ஆண்டுகளில், வழியைத் தன் சொந்த வார்த்தையில் சொல்லிக்காட்டும் பிள்ளைகள் எத்தனை என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. 2021-ல் யூபிஎஸ்ஆரையும் எடுத்துவிட்டார்கள். புள்ளிக்காக வழி எழுதும் காலம் அதோடு போனது. இப்போது கைப்பேசியில் கேள்வியைப் படம் பிடித்தால் அதுவே வரி வரியாக வழியை எழுதிக் காட்டுகிறது. வாத்தியார் இருந்திருந்தால் அதையும் நம்பாமல், “இந்த மூணாவது வரி எப்படி வந்தது?” என்று ரோத்தானை எடுத்திருப்பார்.

நெகிரி செம்பிலானில் இன்று சுமார் 60 தமிழ்ப்பள்ளிகள். பலவற்றின் பெயரில் தோட்டம் என்று பொருள்படும் ‘லாடாங்’ இருக்கிறது, பக்கத்தில் தோட்டம் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய்ச் செண்டாயான், நீலாய்ப் பக்கமெல்லாம் வீட்டு வரிசை வந்தது. உள்ளே தள்ளி மிஞ்சிய சில பள்ளிகளில் பிள்ளைகள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். இரண்டு வகுப்பை ஒன்றாக உட்கார வைத்து, மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்கு வாய்பாடு சொல்லித்தருவதைப் பார்த்தால் சட்டாம்பிள்ளை திரும்பி வந்துவிட்டாரோ என்று தோன்றும்.

எஞ்சிய தோட்டங்களில் இப்போது வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் கீழ் 1957-ல் வந்த விதிகள், ஒவ்வொரு தொழிலாளிக்கும் கூலி விவரத்தை எழுதித் தர வேண்டும் என்கின்றன. மாதக் கடைசியில் அவர்கள் கையிலும் ஒரு துண்டுச் சீட்டு இருக்கிறது. அது அவர்களுடைய மொழியில் இல்லை.